கேசட் ஓடுற சத்தம்

என் மாமியார் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. "கேசட் ஓடுற சத்தம்." நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. ஒரு தடவை என் மனைவியின் போனை நான் எடுத்துவிட்டேன். எடுத்தது அக்காதான் என்று நினைத்துக்கொண்டு மச்சினிச்சி, "கேசட் ஓடுற சத்தம் மில்லுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டாள். "இல்லம்மா, இங்கதான் ஓடிக்கினு இருக்குது" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இந்தப் பெயருக்குக் காரணம் என் மனைவி. அவள் மேல் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் இருபத்தைந்து வருஷத்துக் கோபம்.

விழுப்புரத்தில் நான் மாவு மில் நடத்துகிறேன். அப்பா வைத்த மில். அதில் வந்து உட்காருவதற்கு முன்னால் படிப்பதற்காக என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். படிப்பு வரவில்லை. அங்கே ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்தேன். எட்டுப் பேர் குழு, நான் எட்டாவது. என் வாத்தியம் ஒரு பவுடர் டப்பா. அதில் பாதிக்குக் கேப்பையைப் போட்டு மூடியை ஒட்டிவிட்டால் ஆட்ட ஆட்ட ஸ்க், ஸ்க், ஸ்க் என்று வரும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பார்த்தோம், கடகடவென்று அசிங்கமாக இருந்தது. கடுகு போட்டால் எண்ணெய் விட்டுக்கொண்டது. கேப்பைதான் சரி. இதையெல்லாம் கண்டுபிடித்தது நான். டப்பாதானே என்று யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது.

குழு வெளியிட்டது ஒரே ஒரு கேசட். கிளியனூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்காக நாங்களே எழுதி நாங்களே மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டு. பதிவு விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நடந்தது. குழுத் தலைவர் என்னை வலது மூலையில் ஜன்னலோரமாக நிறுத்தினார். "நீ மைக்குக்கு எவ்ளோ தூரமா நிக்கிறியோ அவ்ளோ நல்லது" என்றார். நின்றேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில், பாடுகிறவர் உச்சிக்குப் போகிற இடத்தில், ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று நீளமாக ஊதியது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கை ஒரு தட்டு நின்றுவிட்டது. உடனே பிடித்துக்கொண்டேன். திருப்பி எடுக்கலாமா என்று தலைவர் கேட்டார். பாடினவர், "அந்த எடம் எனக்கு இன்னொரு தபா வராது, ரயிலோடவே வெச்சிக்கோங்க" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் ரயிலைத் திட்டினார்கள். நான் விட்ட தட்டை யாரும் கவனிக்கவில்லை. நானும் சேர்ந்து ரயிலைத் திட்டினேன். கேசட் வந்தபோது பயந்துகொண்டே கேட்டேன். இரைச்சலில் அந்த இடம் மூடிக் கிடந்தது. இன்றுவரை இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பிறகு கல்யாணம். மனைவிக்கு ஊர் காணை. கல்யாணமான புதிதில் பெருமையாக டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, முதல் பாட்டு ஓடும்போதே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இதுல நீங்க எங்க?" என்றாள்.

"நல்லா கேளு. ஸ்க், ஸ்க், ஸ்க்குனு வருது பாரு."

கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, நேர்மையாகத்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அது கேசட் ஓடுற சத்தம்ங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது. வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது போட்டுக் காட்டியிருப்பேன். முதல் பாட்டைத்தான் போடுவேன், அதற்குத்தான் கேசட்டைச் சுற்ற வேண்டியதில்லை. இரண்டாவது பாட்டு வருவதற்குள் அவள் எழுந்து போய்விடுவாள். பொங்கலுக்கு வந்த மாமனார், மாமியார், மச்சினிச்சி எல்லாரையும் உட்கார வைத்துக்கூடப் போட்டேன். மாமனார் மட்டும் மரியாதைக்கு, "லேசா வர்ற மாதிரிதான் இருக்குது மாப்ள" என்றார். மனுஷனுக்கு அந்த மரியாதையாவது இருந்தது.

போன வருஷம் எங்கள் பழைய குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. அனுப்பியவன் கீபோர்டு வாசித்தவன். திண்டிவனத்தில் இப்போது கல்யாண வீடியோவுக்கும் சர்ச் பாட்டுக்கும் ஒலிப்பதிவு செய்து தருகிறான். கேசட்டின் மாஸ்டர் டேப்பைப் பரணிலிருந்து எடுத்து, இரைச்சலை நீக்கி, 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று மின்னுகிற எழுத்தில் போட்டு, எட்டுப் பாட்டையும் யூடியூபில் ஏற்றிவிட்டான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரைச்சல் போய்விட்டது என்றால் என்ன அர்த்தம்? மிச்சம் இருக்கிற ஸ்க், ஸ்க் எல்லாம் நான். இனி எவள் வந்து கேசட் ஓடுற சத்தம் என்று சொல்வாள், பார்க்கலாம்.

மில்லை அரை மணி நேரம் மூடிவிட்டு உட்கார்ந்து கேட்டேன். தபேலா பளிச்சென்று இருந்தது. பாடினவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மூன்றாவது பாட்டில் ரயில் வந்தது பாருங்கள், கேசட்டில் எங்கேயோ தூரத்தில் கேட்டது இப்போது நடுவீட்டில் நின்று ஊதியது. நான் மட்டும் இல்லை. போனில் இல்லை. இயர்போனில் இல்லை. மகன் வாங்கிப் போட்டிருக்கிற பெரிய ஸ்பீக்கரில் இல்லை.

கீழே கருத்துகளைப் படித்தேன். ஒருவர், "அந்த ட்ரம்பெட் யாருண்ணா? வேற லெவல்" என்று எழுதியிருந்தார். எங்கள் குழுவில் ட்ரம்பெட்டே கிடையாது. அவர் கேட்டது ரயிலை. அதற்குக் கீபோர்டுக்காரன் கைகூப்பிய பொம்மையைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறான்.

டேப் ரெக்கார்டரை எடுத்துத் துடைத்துப் பழைய கேசட்டைப் போட்டேன். முதல் பாட்டிலேயே நான் இருந்தேன். ஸ்க், ஸ்க், ஸ்க். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பாவி என்னை இரைச்சல்னு நெனச்சி அழிச்சிட்டான்" என்றேன்.

"அப்ப அவரும் கேசட் ஓடுற சத்தம்னுதான நெனச்சிருக்காரு?" என்றாள்.

மறுநாள் காலையில் திண்டிவனம் கிளம்பினேன். டேப் ரெக்கார்டரை லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மனைவியும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சண்டைய நேர்ல பாக்கலாம்னு" என்றாள்.

பஸ்ஸில் என் மடியிலிருந்த மூட்டையைக் கண்டக்டர் இரண்டு தரம் பார்த்தார். "இன்னா சார் அது, கோழியா?"

"டேப் ரெக்கார்டர்."

"இந்தக் காலத்துல எதுக்கு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "பஞ்சாயத்துக்குப் போறோங்க. அது சாட்சி."

கண்டக்டர் சாட்சிக்கு டிக்கெட் கேட்கவில்லை.

கீபோர்டுக்காரன் வீட்டு முன்னறைதான் அவனுடைய ஒலிப்பதிவு அறை. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தான். தலைக்குக் கறுப்பாகச் சாயம் அடித்திருந்தான். "வாடா, வாம்மா தங்கச்சி, டீ சாப்புடுங்க" என்றான்.

"டீ அப்புறம். பாட்டுல நான் எங்கடா?"

"எந்தப் பாட்டுல?"

"எட்டுலயும்தான். இரைச்சல வழிக்கிறேன்னு என்னையும் சேத்து வழிச்சிப் போட்டுட்ட. ரயில மட்டும் குளிப்பாட்டி, பொட்டு வெச்சி நிக்க வெச்சிருக்க. ரயிலு நம்ம குரூப்பாடா? அது ஒருநாளாவது ரிகர்சலுக்கு வந்துதா?"

அவன் சிரித்தான். "ரயில நான் தொடவே இல்லடா. உன் டப்பாவையும் அழிக்கல. இரைச்சல் போனதும் அது தனியா எழும்பி நிக்குது. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே, கொறைக்கலாமான்னுகூட யோசிச்சேன்."

பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது. மூட்டையைப் பிரித்து டேப் ரெக்கார்டரை அவன் மேஜையில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். "தோ கேளு. ஸ்க், ஸ்க், ஸ்க். இது நான். உன் கம்ப்யூட்டர்ல இது எங்க?"

அவன் கேட்டான். நெற்றியைச் சுருக்கினான். "இந்தப் பாட்டா?"

"இதேதான்."

"இதுல நீ கெடையாதேடா. இது எடுக்கும்போது நீ எல்லாருக்கும் பரோட்டா வாங்கப் போயிருந்த. சால்னா பத்தலன்னு ரெண்டாவது தபா வேற ஓடின."

சால்னா ஞாபகம் வந்தது. பையில் ஒழுகி என் சட்டையெல்லாம் ஆனது. அந்த அறைக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும், "ஒரு பாட்டு முடிஞ்சிது, ஜல்தி பிரி, பசிக்குது" என்றதும் ஞாபகம் வந்தது. ஆக, இருபத்தைந்து வருஷமாக என் மனைவிக்கும் அவள் வம்சத்துக்கும் உட்கார வைத்து உட்கார வைத்து நான் போட்டுக் காட்டியது கேசட் ஓடுகிற சத்தத்தைத்தான். நான் மனைவி பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

"சரி, மூணாவது பாட்டப் போடு" என்றேன். "அதுல இருந்தேன். அது சத்தியம்."

போட்டான். வலது பக்கத்தை மட்டும் வைத்து, மற்ற சத்தங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடக்கினான். திரையில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள் ஓடின. "தோ, இதான் நீ" என்று விரலால் காட்டினான். கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை.

"ஸ்பீக்கர் போடுறா முதல்ல."

"போட்டுத்தான்டா இருக்குது."

மனைவி எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் போனாள். "ஏங்க, வருதுங்க" என்றாள். "ஸ்க், ஸ்க்குனு அவ்ளோ சுத்தமா வருது. நெஜமாவே நீங்க வாசிச்சிருக்கீங்க."

இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பேஜாரு பண்ணாதீங்க என்று கத்தினேன். கீபோர்டுக்காரன் கம்ப்யூட்டரில் வேறு எதையோ திறந்தான். ஒரே ஒரு விசில் சத்தம். தாழ்வாக ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறியது. கேட்கிற வரைக்கும் கையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னான். கொஞ்சம் ஏறியதும் நின்றுவிட்டது. நான் கையைக் கீழே போட்டேன். மனைவி கை இன்னும் மேலேயே இருந்தது. அவன் கையும் மேலே இருந்தது. உள்ளேயிருந்து அவன் சம்சாரம், "அந்தக் கீச்சு சத்தத்த நிறுத்துங்க, காது வலிக்குது" என்றது. வாசலில் நாய் குரைத்தது. அந்த வீட்டில் நாய்க்குக்கூடக் கேட்கிறது. எனக்கு இல்லை.

"மில்லுல காதுக்கு ஏதாச்சும் வெச்சிக்குவியா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"பஞ்சு வெச்சிக்கினா வர்றவங்க கம்பா கேப்பையான்னு சொல்றது எப்டிக் கேக்கும்?"

அவன் தலையை ஆட்டினான். எங்கள் வீட்டில் குக்கர் விசில் எண்ணுகிற வேலையை மட்டும் மனைவி என்னிடம் விடமாட்டாள். நான் எண்ணினால் சோறு குழைந்துவிடும் என்பாள். எனக்குக் கவனம் போதாது என்றுதான் இவ்வளவு நாள் நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டீ வந்தது. குடித்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வாழ்நாளில் நான் வாசித்தது அந்த ஒரு கேசட்டுக்குத்தான். அது சுத்தமாகத் துலங்கி வெளியே வந்த நேரத்தில், ஊரே என்னைக் கேட்கலாம், நான் கேட்க முடியாது.

"காது டாக்டர்கிட்ட காட்டுடா" என்று சொல்லி அனுப்பினான். டேப் ரெக்கார்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி தங்கைக்குப் போன் போட்டாள். "ஏ, அவரு வாசிச்சது உண்மைதான்டி. நானே என் காதால கேட்டேன். இனிமே அந்தப் பேரு சொல்லாதீங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. இவள், "இல்லடி, ரயிலு வேற, இவரு வேற" என்றாள்.

பிறகு கைப்பையிலிருந்து இயர்போனை எடுத்தாள். இடது முனையை என் காதில் வைத்தாள், வலது முனையைத் தனக்கு வைத்துக்கொண்டாள். "வலது பக்கத்துலதான நீங்க இருக்கீங்க" என்றாள். மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. எனக்குத் தபேலாவும் பாட்டும் வந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி என் முழங்காலில் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தாள். நான் வாசித்ததை வாசித்தபடி தட்டினாள். நான் கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் அப்படி ஒன்றை அவள் செய்வாள் என்று நினைத்திருக்க மாட்டேன்.

பாட்டு உச்சிக்குப் போனது. ரயில் ஊதியது. அது எனக்கும் கேட்டது. அவள் விரல் ஒரு தட்டு நின்றது. பிறகு ஓடிப் பிடித்துக்கொண்டது.

பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரயிலு கூவுற எடத்துல ஒன்னு வுட்டுட்டீங்களே."

நான் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தேன்.

"பயந்துட்டீங்களா?"

"ம்" என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விக்கிரவாண்டி வரைக்கும் சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் என் முழங்காலில் விரல் வைத்தாள். நான் ரயில் வருவதற்காகக் காத்திருந்தேன்.