சர்டிபிகேட்டில் இந்து, சர்ச்சில் மனைவி

விவாகரத்து மனு எழுதப் போய் உட்கார்ந்ததும் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன மதமுங்க?" புருஷன் என்ன செய்தான் என்று கேட்பார், அதைச் சொல்லும்போது அழக்கூடாது என்று கோவையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதிலாக எதுவும் இல்லை.

நான் முழிப்பதைப் பார்த்து, "சரி, கல்யாணம் எங்கீங்க நடந்துச்சு?" என்றார்.

"வால்பாறையில, எஸ்டேட் சர்ச்சுலீங்க."

"அப்ப கிறிஸ்டியன்."

"சர்டிபிகேட்டுல இந்துங்க."

"வேலைக்குப் போறீங்களா?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டருங்க. எஸ்.சி. கோட்டாவுல கெடச்சது."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தப் பேனா மூடிய சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் ஆனைமலைக்குப் பக்கம். தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்து பிழைத்த தெரு எங்களுடையது. வெள்ளிக்கிழமை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிற அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுவாள். எங்கள் தெருவில் யாருக்கும் இது குழப்பமாகத் தெரிந்ததில்லை. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் அப்பாவைக் கேட்காமலே "இந்து" என்று எழுதிக்கொண்டார். கிறிஸ்தவம் என்று எழுதினால் எஸ்.சி. சலுகை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அவர் செய்தது உதவி. அந்த உதவியில்தான் நான் படித்தேன், வேலைக்கும் போனேன்.

அந்த வேலையை நான் யாரிடமிருந்தும் திருடவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர் இருந்தது. குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் என் அப்பாவிடம் ஒருநாளாவது "நீ கோயிலுக்குப் போறவனா, சர்ச்சுக்குப் போறவனா" என்று கேட்டிருக்கிறாரா? தோட்டத்துக்காரர் வாசலில் நிறுத்திக் கூலி கொடுக்கும்போது கேட்டாரா? எவரும் கேட்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்று நம்பியது சர்க்கார் மட்டும்தான்.

என் புருஷன் எஸ்டேட் லாரி டிரைவர். எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வால்பாறை லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு முதல் போஸ்டிங் வால்பாறை எக்ஸ்சேஞ்சில். பெண் கவர்மெண்ட் வேலையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவனுடைய அம்மாதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சர்ச்சில் தாலி கட்டினான். அவன் குடிப்பான், அடிப்பான், காலையில் கடையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்து வைப்பான். ஒருநாள் என் இடது மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே நின்றான். அவன் நிற்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? படியில் வழுக்கி விழுந்தேன் என்றேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதற்குள் வேறொரு லயனில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் கடைசியில் சொன்னார்கள்.

மாற்றல் வாங்கிக்கொண்டு கோவைக்கு வந்துவிட்டேன். காந்திபுரத்தில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி பஸ் பிடித்து அங்கேயும் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, என் பொண்டாட்டியை அனுப்புங்கள் என்று கத்துவான். போலீசுக்குப் போனேன். "புருஷன்தானேம்மா, பேசி அனுப்பு" என்றார்கள். வார்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாலி கட்டுனவரு வந்து நின்னா நாங்க எப்புடி அம்மணி போன்னு சொல்றது? மத்த பொண்ணுகளும் இருக்கறாங்கல்ல" என்றாள். ஹாஸ்டல் மாறினேன். அங்கேயும் வந்தான். அவனை அந்நியன் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு கோர்ட் காகிதம் வேண்டும். அதற்காகத்தான் வக்கீலிடம் போய் உட்கார்ந்தேன்.

வக்கீல் பொறுமையாகத்தான் விளக்கினார். சர்ச் கல்யாணம் என்றால் கிறிஸ்தவச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இந்தப் பொள்ளாச்சி கோர்ட்டில் நடக்காது, கோவை ஜில்லா கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஜெயித்தாலும் மெட்ராஸ் ஹைகோர்ட் ஒப்புக்கொள்ளும்வரை செல்லாது.

"அவரு கேஸ் போட்டா உங்களுக்கு இன்னொருத்தரோட தொடர்புன்னு நிரூபிச்சாப் போதுமுங்க. நீங்க போட்டா அது மட்டும் பத்தாது. அவருக்கு வேற பொம்பளயும் இருக்கோணும், உங்களக் கொடுமையும் பண்ணியிருக்கோணும். ரெண்டையும் நிரூபிக்கோணும்."

"எதுக்குங்க எனக்கு ரெண்டு?"

"சட்டம் அப்புடித்தானுங்க."

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. சோறு போடும்போது மட்டும்தான் இது தலைகீழாக இருக்கும். எங்கள் வீடுகளில் ஆணுக்கு இரண்டு கரண்டி, பெண்ணுக்கு ஒன்று.

இதைவிடப் பெரிய சிக்கலை அவர் கடைசியாகச் சொன்னார். மனுவில் நான் கிறிஸ்தவள் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு நகல் அவனுக்குப் போகும். அதை அவன் என் ஆபீசில் கொடுத்தால் வேலை போய்விடும். இந்து என்று மனுப் போட்டால், சர்ச்சில் நடந்தது இந்துக் கல்யாணமே அல்ல என்று தள்ளிவிடுவார்கள். "யோசிச்சு வாங்க" என்றார்.

அவன் முன்பே யோசித்து வைத்திருந்தான். அடுத்த முறை ஹாஸ்டல் கேட்டில், குடிக்காமல், சிரித்துக்கொண்டே சொன்னான்: "வக்கீலப் பாத்தியாமா? போடு, கேஸப் போடு. சர்ச்சு ரிஜிஸ்டர் காப்பிய வாங்கி உன்ற பெரிய ஆபீசர் மேசையில வெச்சுப்போடறேன். அப்பறம் எந்த வேலைக்குப் போறீன்னு பாக்கறேன்."

அடித்தபோதெல்லாம் வராத கோபம் அன்றைக்கு வந்தது. தாலி கட்டச் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவன். என்னைத் தண்ணீரில் முக்க வேண்டும் என்று அடம்பிடித்தது அவன் அம்மா. அந்த ஈரத்தையே இப்போது எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

அம்மாவிடம் சொன்னேன். "வேலைய மட்டும் உட்டுப்போடாத கண்ணு. அவன் கத்தீட்டுப் போறான், கெடக்கறான். நம்ம தெருவுல பேனு காத்துல உக்காந்து சம்பளம் வாங்கற பொண்ணு நீ ஒருத்திதான்" என்றாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அம்மாவின் உள்ளங்கையில் தேங்காய் நார் உரித்த காய்ப்புகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வேலை என்றால் எங்கள் தெருவில் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுப்பேன். கேட்டில் யாராவது சத்தமாகப் பேசினால் லைனைத் தவறாகக் கொடுத்துவிடுவேன். சூப்பர்வைசர் திட்டுவார். ஒருநாள் மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் கையில் இருப்பது ஒரே ஒரு தடி. அந்தத் தடி என் வேலை. அதை அவனிடமிருந்து பிடுங்க முடியாது, நானே உடைத்தால்தான் உண்டு. அன்று சாயங்காலமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். இதைத் தியாகம், துணிச்சல் என்றெல்லாம் பிற்பாடு சிலர் பாராட்டினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொள்ளை போன வீட்டுக்காரியைத் தர்மம் செய்தவள் என்று புகழ்வார்களா?

யாருக்கும் சொல்லாமல் ஹாஸ்டலைக் காலி செய்து ஒரு அறை பிடித்தேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவும் டெலிபோன் வேலைதானே என்று சொல்லிக்கொண்டேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்தது சர்ச் காப்பி. வால்பாறைக்குப் போய் பாஸ்டரைப் பார்த்தேன். எனக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். உட்காரவைத்து டீ கொடுத்து, மன்னிக்கச் சொன்னார். குடும்பம் பெரிது என்றார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ரெண்டு காப்பி வேணுமுங்க ஐயா" என்றேன். "ஒண்ணு என்ற கல்யாணத்துது. இன்னொண்ணு, போன கிறிஸ்துமசுக்கு முன்னால நீங்க ஞானஸ்நானம் குடுத்தீங்களே ஒரு கொழந்தைக்கு, அதோடது. அதுல தகப்பன் பேரு எழுதியிருப்பீங்கல்லங்க?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தகப்பன் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தைமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதைக் கையில் வாங்கித் தண்ணீர் தெளித்துவிட்டு என்னிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறாரே, அந்தக் கோபம்தான். "அந்தக் கொழந்தையோட தகப்பனத்தான் நான் மன்னிக்கோணுமுங்களா ஐயா?" என்றேன். எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். பிறகு இரண்டையும் தன் கையாலேயே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வேறொரு பெண் என்பதற்கு அந்தக் காப்பி போதும் என்றார் வக்கீல். கொடுமைக்குச் சாட்சி வேண்டும். லயனில் ஒருவரும் வரமாட்டேன் என்றார்கள். கை உடைந்த மறுநாள் வந்து பார்த்தவள் அம்மா. சாட்சி சொல்ல வா என்று அவளை நான் கேட்கவில்லை. விசாரணை அன்று காலை கோவை கோர்ட் வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்களே, அதைச் செய்துவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறாள்.

கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அவனுடைய வக்கீல் எழுந்து, "ஏனுங்கம்மா, நீங்க இந்துவா, கிறிஸ்டியனா?" என்று கேட்டார்.

"நாங்க கூலிக்குப் போறவங்க சாமி."

"மதத்தக் கேட்டேன்."

"அதத்தானுங்க சொல்றேன். வேற யாரும் எங்கள இதுவரைக்கும் மதங் கேட்டதில்லீங்க."

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை.

அடுத்து நான் ஏறினேன். மனுப் போட்டு, சம்மன் அவன் கைக்குப் போனதுமே என் ஆபீசுக்கு ஓடுவான் என்று நினைத்திருந்தேன். ஓடவில்லை. கோர்ட்டில் வைத்தே கவிழ்க்கலாம் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருப்பார் போல. என் பள்ளி சர்டிபிகேட் நகலைத் தூக்கிக் காட்டினார். "இதுல இந்து. மனுவுல கிறிஸ்தவர். இந்துன்னு சொல்லித்தான் இன்னிக்கும் சர்க்கார் சம்பளம் வாங்கிட்டிருக்கீங்க. இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"முடியுமுங்க. நான் அந்த வேலையில இல்லீங்க."

"என்ன?"

"ராஜினாமா பண்ணிப்போட்டனுங்க. பூத்துல போன் போட்டுக் குடுத்துட்டிருக்கறேன்."

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். வக்கீல் சர்டிபிகேட் நகலை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. மெட்ராஸ் ஒப்புதலுக்காக அதற்குப் பிறகும் காத்துக் கிடந்தேன். அந்தக் காலத்தையும் போன வேலையையும் எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கோபமும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை.

விசாரணை நடந்த அன்றைக்குக் கூண்டிலிருந்து இறங்கி நானும் அம்மாவும் வராந்தாவுக்கு வந்தோம். பின்னாலேயே அவன் வந்தான். அடிக்க வருகிறான் என்றுதான் நினைத்தேன். அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவன் அடிக்கவில்லை.

"நெசமாவே உட்டுப்போட்டியா?" என்றான். "கவர்மெண்ட்டு வேலைடி. பென்ஷனு வரும். கடேசி வரைக்கும் சோத்துக்குக் கவலையில்ல. உனக்கென்ன பைத்தியமா புடிச்சுது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதான். என் கை உடைந்தபோது பக்கத்தில் நின்றவன் இவன்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது லாரிக்கடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவனும் இவன்தான். நான் போனதற்கு அவன் அழவே இல்லை. என் வேலை போனதற்குத்தான் அழுதான்.