ஏழு வீட்டு அரிசி

சுண்டால் அளந்து சுளகில் கொட்டியதும் கிறேஸ் அக்காவின் வலக்கை தானாகவே அரிசிக்குள் போகும். ஒரு பிடி. விரலிடுக்கில் ஒட்டி நிற்கும் நாலைந்து மணிகளைக்கூட உதறமாட்டாள். பிடிக்குள் வந்தது பிடியோடு போய்விட வேண்டும். குசினி மூலையில் தட்டுப்போட்டு மூடிய சின்னப் பானைக்குள் அதைப் போட்டு, "ஆண்டவரே, உம்முடையது" என்று வாய்க்குள் சொன்ன பிறகுதான் மிச்சத்தை அரிக்கன்சட்டியில் போட்டுக் கல்லரிப்பாள். கதைத்துக்கொண்டு நின்றாலும் இது தவறாது, சண்டை பிடித்துக்கொண்டு நின்றாலும் தவறாது. ஒருநாள் புருஷனோடு பெரிய வாக்குவாதம். "உங்கடை அம்மாவின்ரை குணம்..." என்று தொடங்கியவள், பிடியை எடுத்து, "ஆண்டவரே, உம்முடையது" என்று போட்டு, பானையை மூடி, "...அப்பிடியே உங்களுக்கும் வந்திருக்கு" என்று முடித்தாளாம். புருஷன் செல்வரத்தினம் வாத்தியாரே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான சுருவிலில் அவளை 'வேதக்கார அக்கா' என்பார்கள். வயது ஐம்பத்தாறு. கட்டை உருவம், வேகமான நடை. சேலைத் தலைப்பு முடிச்சில் தேவாலயப் பூட்டின் திறப்பு எப்போதும் தொங்கும். சனிக்கிழமைகளில் அந்தச் சின்னத் தேவாலயத்தைத் திறந்து வௌவால் எச்சம் கூட்டுவதும், ஞாயிறு காலையில் மணியடிப்பதும் அவள்தான். மூன்று நாள் காணாமற்போய் நாலாம் நாள் திரும்பி வந்த பேட்டுக் கோழி ஒன்றுக்கு, வேதாகமத்தில் மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனாவின் பேரை வைத்திருக்கிறாள். "யோனா, உள்ளுக்கை வராதை, குசினி நினிவே இல்லை" என்று அவள் துரத்துவது வேலிக்கு அப்பாலும் கேட்கும்.

பிடியரிசி அவள் கண்டுபிடித்த வழக்கமில்லை. சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து தேவாலய வாசலிலிருக்கும் பெரிய சாடியில் கொட்டுவார்கள். தீவுகளில் ஊழியஞ்செய்ய யாழ்ப்பாணத்துச் சங்கம் அனுப்பிவைக்கும் உபதேசியாருக்கு அதுதான் சாப்பாடு. வெள்ளைக்கார மிஷனரிமாரின் காலம் முடிந்த பிறகும், 'எங்கடை அரிசியிலை நிக்கிற எங்கடை மிஷனரி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒருவர் இருந்தார். ஒரேயொரு சங்கடம். ஒரு வீட்டில் சிவப்பு மொட்டைக்கறுப்பன், இன்னொரு வீட்டில் பச்சைப்பெருமாள், இன்னொரு வீட்டில் பங்கீட்டுக் கூப்பனுக்கு வாங்கிய வெள்ளை அரிசி. எல்லாம் ஒரு சாடியில் விழுந்தால் எப்படி வேகும்? ஒன்று களியாகும்போது மற்றது நறுக்கென்று கடிபடும். பொருந்தாத கலியாணத்தைக் கண்டால் "உதென்ன, உபதேசியார் வீட்டுச் சோறு மாதிரி" என்று சைவக்காரரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்காக முழுக்காட்டு வாங்கி வேதத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு இனி அந்தத் தேவை இருக்கவில்லை. யாரும் சண்டை பிடித்துப் போகவில்லை. ஒரு ஞாயிறு வராமல் விட்டார்கள், அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு ஒருநாள் சந்தையில் கண்டபோது நெற்றியில் திருநீறு இருந்தது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

செல்வரத்தினம் வாத்தியார் முகத்தைத் திருப்பவில்லை. ஒரு தைப்பொங்கலன்று திருநீற்றோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், எனக்கு அங்கை சொன்னதும் பெரிசா விளங்கேல்லை, இஞ்சை சொல்லுறதும் விளங்கேல்லை. ஆனால் நான் செத்தால் என்ரை ஆக்கள் வந்து தூக்கவேணும்."

"ஆர் தூக்கினால் என்ன, அதுவரைக்கும் சமைச்சுப் போடுறது நான்தானே. கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை ஞாயிறுகளில் அவளைச் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை பூவரசின் கீழ், நெற்றியில் திருநீறோடு, காத்து நிற்பவரும் அவர்தான்.

சில்வெஸ்ரர் உபதேசியார் வந்தபோது சபையில் மிஞ்சியிருந்தது சில குடும்பங்கள்தான். ஒல்லியான, நெடிய மனிதர். புளியங்கூடல், மடத்துவெளி என்று சைக்கிளில் அலைவார். வீட்டுக்கு வீடு போய் முதலில் சுகம் விசாரிப்பார், மிச்சம் பிறகு. அவர் மனைவி யோகம்மா எதற்கும் சத்தமாகச் சிரிக்கிறவள். பிள்ளைகள் இல்லை. வந்த ஆறாம் வருஷம், ஒரு ஞாயிறு, தேவாலய வாசலில் நின்று உபதேசியார் சந்தோஷமாகச் சொன்னார்:

"கிறேஸ் அக்கா, யோகத்தின்ரை சோறு இப்ப நல்ல பதம். ஒரு மணி கடிபடாது. எல்லாம் ஒரே மாதிரி வேகுது."

சொல்லி முடித்தவரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. சாடியைப் பார்த்தார். உள்ளே அடியில் ஒரு சாண் மொட்டைக்கறுப்பன், கிறேஸ் அக்கா வீட்டு அரிசி. வேறு அரிசி ஒரு மணி இல்லை. கிறேஸ் அக்காவும் பார்த்தாள். ஒரே மாதிரி வேகிறதென்றால் ஒரே வீட்டு அரிசி என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் சைக்கிளை எடுத்தார். இவர் இனி நில்லார், சங்கத்துக்கு எழுதிவிடுவார், தன் தலைப்பிலுள்ள திறப்பு வெறும் இரும்பாகிவிடும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் கையில் ஏழு பைகள் இருந்தன. நீலச் சீத்தை, பழைய வேட்டி, சட்டைத் துணி என்று ஏழும் ஏழுவிதம்.

"வர வெக்கப்படுகினம், ஐயா. ஆனால் பிடி வைக்கிறதை விடேல்லை. என்னட்டைத் தந்து விட்டிருக்கினம். ஆரெண்டு கேளாதேங்கோ."

பொய் சொன்ன நாக்கு அன்று முழுக்கக் கசந்தது. ஆனால் உபதேசியார் ஒவ்வொரு பையாக அவிழ்த்து, ஒவ்வொரு அரிசியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "தணல் உள்ளுக்கை கிடக்கு, அக்கா. அணையேல்லை" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தபின் கசப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றுமுதல் ஏழு வீட்டுப் பிடியும் அவள் பிடிதான். தன் வயல் மொட்டைக்கறுப்பனைக் கொடுத்து, பக்கத்து வீட்டு மீனாம்பிகையிடம் பச்சைப்பெருமாள் மாற்றுவாள். புளியங்கூடலில் முட்டை கொடுத்துச் சம்பா வாங்குவாள். கூப்பன் அரிசி வீட்டிலேயே இருக்கும்.

"என்னக்கா, உங்கடை சாமி பச்சைப்பெருமாள்தான் கேக்கிறாரோ?" என்பாள் மீனாம்பிகை.

"ஓம், அவருக்குப் பல்லு நல்லாயில்லை."

வாத்தியாருக்கு எல்லாம் தெரியும். "ஏழு வீட்டுக்காரி, சோத்தைப் போடும்" என்று கூப்பிடுவார். எழுபத்துமூன்று, எழுபத்துநாலில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து ஊரே மரவள்ளியும் பனங்கிழங்கு ஒடியற் பிட்டுமாக இருந்தபோது அந்தப் பகிடியை நிறுத்திக்கொண்டார். உலையில் அரிசியே போடாத நாட்களிலும் பிடி போனது. அரிசி போட்ட நாளில் அவர்கள் சாப்பாட்டுக் கோப்பையில் அந்த அளவு குறைந்தது. ஒருநாள் அவர், "எனக்கு ஒடியல்தான் வயித்துக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

யோகம்மாவுக்கு முட்டு வருத்தம். மாரிக்காற்று அடித்தால் நெஞ்சு விசில் ஊதும். பட்டணத்தில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள ஒரு சபைக்கு மாறிவரும்படி சங்கம் உபதேசியாருக்கு எழுதியது. ஆராதனை முடிந்து அவர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏழு வீடு, அக்கா. அதுகளும் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுற காலத்திலை. நான் என்னெண்டு விட்டிட்டுப் போறது? ஏலாது எண்டு எழுதிப்போட்டன்."

கிறேஸ் அக்கா மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், மத்தியானச் சமையலை முடித்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவதென்று அந்த வீட்டுக்குப் போனாள். உபதேசியார் வெளியே போயிருந்தார். யோகம்மா சுவரில் சாய்ந்திருந்து, தோய்த்துக் காய்ந்த பைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யோகம், நீங்கள் அந்த இடத்துக்குப் போகத்தான் வேணும். நான் அவரிட்டை ஒண்டு சொல்லவேணும். உந்த ஏழு வீடு..."

"ஏழு பையிலும் தையல் ஒண்டு, அக்கா."

கிறேஸ் அக்கா அவள் மடியிலிருந்த பைகளைப் பார்த்தாள்.

"முதல் கிழமையே கண்டனான். முடியேக்கை நூலை ரெண்டுதரம் சுத்துவியள். கிழமைக்குக் கிழமை தோய்க்கிற எனக்குத் தெரியாதே?" யோகம்மா சிரிக்கப் பார்த்தாள்; இருமல்தான் வந்தது.

"பின்னை ஏன் அவருக்குச் சொல்லேல்லை?"

"காலமை வெளிக்கிடேக்கை இதுகளைத் தொட்டுப் பாத்திட்டுத்தான் அவர் சைக்கிளிலை ஏறுறவர். நான் எந்த வாயாலை சொல்லுறது? நீங்களும் சொல்லாதேங்கோ. உந்த முட்டு அங்கை போனாலும் வரும்."

இவ்வளவையும் சொல்ல அவள் நாலு தரம் மூச்சு வாங்கினாள். கிறேஸ் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திண்ணமாகச் சொல்லியிருக்கலாம், பொழுதுபட அவர் வரும்வரை காத்திருந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோகம்மா தடுத்தாளே என்று பிற்பாடு யாராவது ஆறுதல் சொன்னால் அவள் ஏற்றுக்கொள்வதில்லை. "அவ தடுத்தது எனக்கு வசதியாப் போச்சு" என்பாள். "கோயில் பூட்டுப்படக்கூடாதெண்டுதான் நான் பாத்தனான். அவவின்ரை நெஞ்சைப் பாக்கேல்லை."

அடுத்த மார்கழியில் மூன்று நாள் அடைமழை. காலையில் யோகம்மாவுக்கு முட்டுக் கடுமையாகி, கார் தேடிப் பிடிக்க மத்தியானமாயிற்று. பட்டணத்துக்குப் போகும் பண்ணைப் பாலம் தாண்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. செல்வரத்தினம் வாத்தியார் திருநீற்றைத் துடைக்காமலே ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

உபதேசியார் அதன்பின் ஒரு வருஷம் இருந்தார். தானே சமைத்தார். பிறகு தானாகவே எழுதி மாற்றம் கேட்டார். புறப்படும் நாள் கிறேஸ் அக்காவின் வேலிப் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். ஏழு பைகள். ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, எல்லாம் நீலச் சீத்தைப் பைக்குள் அடங்கியிருந்தன.

"இந்தமுறை நான் தோய்ச்சனான். சரியாப் போகேல்லை."

"ஐயா..."

"எல்லா வீட்டுக்கும் நன்றி சொல்லிவிடுங்கோ, அக்கா."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஏழு வீட்டுக்குமான பைகளை ஒரே கையில் வைத்துவிட்டுப் போனார்.

இது நடந்து மூன்று வருஷம். சுருவிலுக்கு இப்போது உபதேசியார் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பட்டணத்திலிருந்து ஒரு போதகர் பஸ்ஸில் வருகிறார். கிறேஸ் அக்கா மணியடிக்கிறாள். ஆராதனைக்கு அவளும், கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து இருத்தும் ஒரு கிழவரும்தான். நெடுந்தீவில் சங்கம் புதிதாக ஒரு மிஷனரியை வைத்திருப்பதாகப் போதகர் சொன்னார். அவரை அவள் கண்டதில்லை. பிடியரிசியை அவருக்கென்று போதகரிடம் கொடுத்துவிடுகிறாள். ஒரு பை. மற்றவை அலுமாரியில் கிடக்கின்றன.

சனி பின்னேரம் பானையைச் சுளகில் கவிழ்த்து, குசினி வாசல் வெளிச்சத்தில் இருந்து பொறுக்குவாள். வீட்டிலும் இப்போதெல்லாம் சில நாள் கூப்பன் அரிசி, சில நாள் வயலரிசி என்று கலந்துதானே பிடி விழுகிறது. போன கிழமை வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன, கல்லோ?"

"கல்லில்லை. மற்ற அரிசி."

"அரிசிக்கை அரிசி பொறுக்கிறீரோ? விசரே உமக்கு?"

"நெடுந்தீவிலை இருக்கிற அந்த மனிசனுக்கு ஒரு வீடுதான் எண்டு தெரியட்டும். நிக்கிறதெண்டால் அதைத் தெரிஞ்சுகொண்டு நிக்கட்டும்."

வாத்தியார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் சுளகைத் தட்டி, ஒரு வெள்ளை மணியை நகநுனியால் பிரித்தெடுத்தாள். வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தாள். பிறகு அதை யோனாவின் பக்கம் சுண்டிவிட்டு, அடுத்ததைத் தேடக் குனிந்தாள்.