ஊசி டொக்டர் கேட்ட கேள்வி

சில வருடங்களுக்கு முன்பு, கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வாட்டில் நான் ஆண் தாதியாக வேலை செய்தபோது நடந்தது இது.

ஒரு காலையில் எங்கள் ஊர் ‘ஊசி டொக்டரை’க் குப்புறப் படுத்த கோலத்தில் கொண்டு வந்தார்கள். உண்மையில் அவர் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. முன்பு எங்கோ ஒரு மருந்துக் கடையில் உதவிக்கு நின்றவர். பிறகு வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, காய்ச்சல், மூட்டுவலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு வந்தார். ஊரில் பாதிப் பேரின் இடுப்பு அவருக்கு அத்துப்படி.

முழங்கால் நோவுக்குத் தனக்குத்தானே ஊசி போட்டிருக்கிறார். கையைப் பின்னால் வளைத்து இடுப்பில் குத்தியதில் இடம் தவறி, சீழ் கட்டிவிட்டது. வேறு யாரிடமாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“ஊருக்குள்ள நம்பிக்கையான ஆள் ஒருத்தனும் இல்லியே” என்றார்.

சீனி வருத்தம் எனும் நீரிழிவும் இருந்ததால் நிலைமை விளையாட்டில்லை. சீழை வெட்டி எடுத்த டொக்டர், மருந்து உடனே ஏறாவிட்டால் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊசியுடன் கட்டிலடிக்குப் போனேன். மனிதர் கையை இழுத்துக்கொண்டார்.

“மனே, நீங்க முறையாப் படிச்ச ஆளா? பதிவு இரிக்கா?”

“இரிக்கி காக்கா” என்றேன். மூத்த ஆண்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“நம்பரச் சொல்லுங்க பாப்பம்.”

சொன்னேன்.

“அத எப்பிடி நான் நம்புற?”

வாட்டே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் மருந்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. என் முகப்படம் ஒட்டிய பதிவுச் சான்றிதழை ஃபோனில் காட்டினேன். குப்புறக் கிடந்தபடியே எழுத்தெழுத்தாக வாசித்தவர், “படத்தில இரிக்கிறவருக்கு முடி கூடவா இரிக்கே” என்று புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

“அது இந்த வாட்டுக்கு வந்த பொறகு கொட்டினது” என்று பக்கத்துக் கட்டில்காரர் எனக்காகச் சாட்சி சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கை நீண்டது. “நோகுமா?” என்று கேட்டு, அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொல்லிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மருந்து ஏறத் தொடங்கியதும் எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

“காக்கா, ஒங்கட பதிவு?”

முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார்.

“இத்தின வருசத்தில ஒருத்தரும் கேக்கல்லியே மனே. கேட்டிருந்தா இந்த வேலய எப்பவோ உட்டிருப்பன்.”

குணமாகி வீட்டுக்குப் போனவர் அந்த முன்னறையைப் பூட்டிவிட்டார். ஊசி கேட்டு வருகிறவர்களை, “ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க ஒரு தம்பி இரிக்கார், அவர்ர சேட்டிபிகேட்ட நானே செக் பண்ணின” என்று எங்கள் பக்கம் திருப்பி விடுகிறாராம்.

எத்தனையோ பேர் நம்பிக் கை நீட்டிய இந்த வேலையில், நீ யார் என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்; அன்று அவமானமாகப் பட்ட அந்தக் கேள்வியை ஊசிக்கு முன்னால் எல்லோரும் கேட்க மாட்டார்களா என்று இப்போது ஏங்குகிறேன்.