கொசுவம் வைத்துக் காட்டியவர்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில், புடவையைத் தம் இடுப்பிலேயே சுற்றிக் கொசுவம் வைத்துக் காட்டும் விற்பனையாளர் ஒருவர் இருந்தார். நான் முதன்முதல் பார்த்தபோது பருத்த உடம்பு, மழித்த முகம். மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிவிட்ட பிறகுதான் விலையைச் சொல்வார்.

அடுத்த வருடம் தங்கைக்குப் புடவை எடுக்கப் போனபோது அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை நடுங்கியதில் கொசுவம் நிற்காமல் சரிந்தது. தங்கை வேறு புடவை பார்க்க நகர்ந்ததும், உடம்புக்கு என்ன என்று விசாரித்தேன்.

"இளைக்கிற மாத்திரை சார். பட்டணத்து டாக்டர் எழுதிக் குடுத்தாரு. தொப்பைமேல பொடவை எடுப்பா இல்லன்னு மொதலாளி சொல்லிக்கினே இருந்தாரு."

"தூக்கம் வருகிறதா?"

"ஏது சார்? நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருக்குது. நிறுத்துனா பசி எடுக்குது. மறுபடி சதை போட்டா குடோனுக்குத் தள்ளிடுவாரு."

படபடப்பை அந்த டாக்டரிடம் உடனே போய்ச் சொல்லும்படி சொன்னேன். அவர் சரிந்த கொசுவத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அப்போது கனத்த சரீரமுள்ள அம்மாள் ஒருவர் உள்ளே வந்து, சுற்றிலும் பார்த்தார்.

"போன தபா குண்டா ஒருத்தர் காட்டுனாரே, எங்கப்பா அவரு? அவரு இடுப்புக்குக் கொசுவம் வந்தா எனக்கும் வரும்னு நம்பி எடுத்துக்கினு போனேன்."

"நான்தாம்மா அது."

அந்த அம்மாள் நம்பாமல் அவர் இடுப்பைப் பார்த்தார். கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்து, விற்பனையாளரை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், மொதல்ல போய் வயிறாரச் சாப்ட்டு வாய்யா."

"பசிக்கலீங்க மொதலாளி."

அதற்குப் பிறகு, வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும், அவர் கன்னம் தேறிவிட்டதா என்று அந்தக் கடைக்குள் எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.