முட்டையை ஹெல்மெட்டில் வைக்கச் சொன்னது நான்

ஆண்டவருடைய இரக்கத்தால் இன்று வரை உயிரோடிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு, பாறசாலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வில்சன் எழுதுகிறேன். என் மனைவி சரோஜம் சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய கதை உங்களுக்குத் தெரியும். போன வருடம் சபையில் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னீர்கள், அவளை உதாரணம் காட்டிப் பிரசங்கமும் நடந்தது. இந்தப் பத்திரிகையிலும் வந்தது. அந்தக் கதையில் ஒரு பெரிய பொய் உண்டு. அதைச் சொன்னவன் நான். கடந்த ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று ஒப்புக்கொண்டேன். அன்று வராதவர்களுக்காகவும், பொய்யை வாசித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுதும்போதே முகம் எரிகிறது.

எங்கள் பக்கத்தில் ஹெல்மெட் போடுவது கேமராவுக்காக. ஹைவேயில் எந்தக் கம்பத்தில் கேமரா இருக்கிறது என்று எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தித் தலையில் மாட்டுவோம். தாண்டியதும் கழற்றி முழங்கையில் தொங்கவிடுவோம். உள் ரோட்டில் ஹெல்மெட்டோடு போகிறவனைப் பார்த்தால் சிரிப்போம். என் கடைக்கு நொறுங்கிய வண்டிகள் எத்தனையோ வந்திருக்கின்றன. சீட்டில் காய்ந்த இரத்தத்தை நானே கழுவியிருக்கிறேன். அப்படியிருந்தும், வண்டியை எடுக்க வருகிறவர்களுக்குக் கேமரா இல்லாத வழியைச் சொல்லிக்கொடுத்ததும் நானேதான்.

சரோஜம் அப்படி இல்லை. பின் சீட்டில் ஏறினால் ஹெல்மெட் போட்டு, தாடைக்குக் கீழே வாரைக் கொளுத்தி மாட்டிவிட்டுத்தான் "போலாம்" என்பாள். பக்கத்துக் கடைக்குப் போனாலும் அப்படித்தான். நான் அதைக் கிண்டல் செய்வேன்.

போன வருடம் அறுப்பின் பண்டிகை ஞாயிறு. காலை எட்டு மணி தாண்டியிருக்கும். சபைக்குக் காணிக்கையாக நாங்கள் கொண்டுபோகும் முதற்பலன் எப்போதும் சரோஜம் வளர்க்கும் நாட்டுக்கோழிகளின் முட்டைதான். ஆராதனை முடிந்து நடக்கும் ஏலத்தில் அதற்கு நல்ல போட்டி உண்டு. அன்று பன்னிரண்டு முட்டை. வைக்கோல் சுற்றி ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். அமரவிளை வரை ஹைவே, பிரச்சினை இல்லை. உள் ரோட்டில் திரும்பியதும் ஒரே குண்டும் குழியும். பைக்குள் முட்டைகள் முட்டிக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. வண்டியை நிறுத்தினேன்.

"அந்த ஹெல்மெட்டைக் கழத்து. முட்டைய அதுக்குள்ள வச்சுப் பிடி" என்றேன்.

"வேண்டாம். சபைக்கு இன்னும் தூரம் உண்டு."

"கேமரா எல்லாம் கழிஞ்சாச்சு. இனி யாரு பாக்கப் போறா? முட்டை உடஞ்சா ஏலத்துல நமக்கு நாணக்கேடு ஆக்கும்."

அவள் இன்னொரு முறை வேண்டாம் என்றாள். நான் எரிந்து விழுந்தேன். ஆராதனைக்கு நேரமாகிறது, எல்லாவற்றுக்கும் உனக்கு ஒரு பிடிவாதம் என்று கத்தினேன். பிறகு அவள் வாரை அவிழ்த்தாள். கழற்றினாள். முட்டைப் பையை அதற்குள் இறக்கி மடியில் அணைத்துக்கொண்டாள். என் ஹெல்மெட் என் தலையில்தான் இருந்தது. அன்று அவசரத்தில் அதைக் கழற்றி முழங்கையில் மாட்டவில்லை, அவ்வளவுதான் காரணம்.

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். முந்தின நாள் மழையில் செம்மண் ரோட்டுக்கு இறங்கிக் கிடந்தது. வேகமே இல்லை. பின் சக்கரம் வழுக்கியது. நான் தோளில் விழுந்தேன், என் ஹெல்மெட்டில் ஒரு கீறல் விழுந்தது. சரோஜத்தின் தலை ஓடைக் கல்லின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதவில்லை.

காஞ்சிரங்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் ஒருவர்தான் முதலில் வந்தார். ஓடிப்போய் ஒரு ஆட்டோவை மறித்தார். சரோஜத்தைத் தூக்கி என் மடியில் கிடத்தினார். அவள் காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. ரோட்டோரத்து மரச்சீனி விளைக்குள், மரவள்ளிச் செடிகளுக்கிடையே உருண்டு கிடந்த ஹெல்மெட்டையும் எடுத்துவந்தார். உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இது என்னது, ஹெல்மெட்டுக்குள்ள முட்டையா?"

"அவளாக்கும் வச்சா. நான் வேண்டாண்ணு சொன்னேன். கேக்கல்ல" என்றேன்.

யாரும் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அந்த மனிதர் கேட்டது ஒரே கேள்வி. அவள் இரத்தம் என் வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தபோதே நான் அவள் மேல் பழி போட்டேன்.

பன்னிரண்டில் மூன்று முட்டைதான் உடைந்தது. ஹெல்மெட் ஒன்பதைக் காத்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார் டாக்டர். அவள் முடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் தந்தார்கள். நர்ஸிங் படிக்கும் மகள் ஷைனி அடுத்த பஸ் பிடித்து வந்தாள். வந்ததும் கேட்டாள்: "அப்பா, அம்மா ஒருக்காலும் ஹெல்மெட் கழத்த மாட்டாளே?"

"முட்டைக்காக ஆக்கும், மக்கா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றேன். வலி நிஜம்தான். ஆனால் அப்போது எனக்கு அது ஒரு மறைவாக இருந்தது.

அன்று மதியம் சபைச் செயலாளர் ஞானதாஸ் அண்ணன் போனில் அழுதார். அந்த ஒன்பது முட்டைகளை மீன்காரர், நான் சொன்ன கதையோடு சபையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "எலே வில்சா, தலையைக் கொடுத்து முதற்பலனைக் காத்தவளாக்கும் உனக்க சரோஜம். ஏலத்துல முட்டைக்கு எல்லாரும் போட்டி போட்டாங்க. சபை முழுக்க முழங்கால்ல நிக்குது" என்றார். இல்லை அண்ணா என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை விட்டேன்.

மூன்று நாள் அவள் அசையவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, அவளைத் திருப்பித் தாரும்" என்று வாய்விட்டுக் கேட்டேன். அந்த ஜெபம் உங்களுக்குத் தெரியும். அதற்குக் கீழே இன்னொரு ஜெபம் இருந்தது. அதை அப்போது யாருக்கும் சொல்லவில்லை. "கண் திறக்கும்போது அந்தக் காலை மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவேண்டாம்" என்று கேட்டேன். ஆம், என் மனைவி உயிருக்குப் போராடும்போது நான் என் மானத்துக்காகவும் ஜெபித்தேன்.

ஒன்பதாம் நாள் அவள் கண் திறந்தாள். ஷைனி "அம்மா" என்றதும் விரல் அசைந்தது. டாக்டரே சிரித்தார். பதின்மூன்றாம் நாள் பேசினாள். கோழிக்குத் தீனி போட்டது வரை ஞாபகம் இருக்கிறது, அதன் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான் என்றாள். தலையில் அடிபட்டவர்களுக்கு இது சாதாரணம் என்றார் டாக்டர். அதைக் கர்த்தர் தந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் கேட்டது எனக்குத் தெரியும். இரண்டும் கிடைத்துவிட்டது. நன்றி சொல்வதற்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு நிம்மதிப் பெருமூச்சு.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னார்கள். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"ஷைனிக்கப்பா, நீங்க சொல்லியும் நான் கேக்கல்லலா? உங்களையும் கஷ்டத்துல ஆக்கினேன். என்னை மன்னிக்கணும்."

"சாரமில்ல" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன். இதைவிடக் கேவலமான ஒரு காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்தோம். சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். இடது கையில் டம்ளர் நிற்க ஐந்து மாதம் ஆனது. பாடகர் குழுவில் பாடியவள், இரண்டாவது சரணத்துக்கு வரும்போது வரி மறந்து விழிப்பாள். வாசனை போய்விட்டது, இன்னும் வரவில்லை. அடுப்படியிலிருந்து, "கறி அடி பிடிச்சுதா, பாருங்க" என்று கூப்பிடுவாள். நான் போய் மோந்து பார்த்துச் சொல்வேன். மாலை குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரு வரி சொல்வாள்: "சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படியாமல் போன என்னை மன்னியும், ஆண்டவரே." நான் பக்கத்தில் முழங்காலில் நின்று ஆமென் சொல்வேன். இப்படி மாதக்கணக்கில்.

இந்த வருடம் பெண்கள் ஐக்கியத்தில் அவளைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். மறந்துவிடுவாள் என்பதால் நோட்டில் எழுதினாள். இரண்டு பக்கம் எழுத நான்கு நாள் ஆனது. கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "பிழை உண்டாண்ணு பாருங்க. எழுத்து எல்லாம் மாறிப் போவுது" என்றாள்.

வாசித்தேன். கணவன் சொல்வதைக் கேளுங்கள், என் தலையே உங்களுக்குச் சாட்சி என்று முடித்திருந்தாள். ஆண்டவரே, ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வையும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். நான் நேர்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் பதில் வந்தது.

"முழுக்கப் பிழை" என்றேன். "நீ கழத்தல்ல. நான் கழத்த வச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் கேட்ட அந்த இரண்டாவது ஜெபத்தையும் சொன்னேன். அவள் அழவில்லை. நோட்டை வாங்கி மூடினாள்.

"அப்போ இத்தன மாசம் நான் மன்னிப்புக் கேட்டது யாருக்க பாவத்துக்கு?" என்றாள். அவள் எழுந்து கோழிக்கூட்டுக்குப் போய்விட்டாள்.

பதினேழு நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கறியை என்னிடம் மோந்து பார்க்கச் சொல்லவும் இல்லை, இரண்டு முறை கருக்கிவிட்டாள். பதினெட்டாம் நாள் வந்து சொன்னாள்: "எனக்கிட்ட சொன்னது போராது. என்னை வச்சுப் பிரசங்கம் நடந்த இடத்துல சொல்லணும். அது வரைக்கும் உங்க பின்னால வண்டியில ஏற மாட்டேன்."

கடந்த ஞாயிறு மறுபடியும் அறுப்பின் பண்டிகை. அவள் முட்டையை ஒரு வாளியில் வைத்து ஆட்டோவில் வந்தாள். நான் பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். ஞானதாஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஷைனி எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே ஷைனிக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். சரோஜம் என் வண்டிக்குப் பக்கத்தில் புது ஹெல்மெட் மாட்டி, வாரைக் கொளுத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்க ஹெல்மெட்டை மாட்டுங்க. போலாம்" என்றாள். அந்த ஓடைக் கல் வந்ததும் என் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. பின்னாலிருந்து என் ஹெல்மெட்டில் விரலால் தட்டினாள். "ஏன் நிக்குதியோ? இங்க கேமரா ஒண்ணும் இல்லியே" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பழைய ஹெல்மெட் என் கடையில் ஆணியில் தொங்குகிறது. உள்ளே மஞ்சள்கரு காய்ந்து ஒட்டியிருக்கிறது. கேட்கிறவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேமரா இல்லாத வழி சொல்வதை விட்டுவிட்டேன். வாரைக் கொளுத்தாதவருக்குச் சாவியைக் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

பிரியமானவர்களே, அவளுக்காக முழங்காலில் நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நீங்கள் என் பொய்யை நம்பி ஜெபித்தீர்கள். ஆண்டவர் அந்தப் பொய்யைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். ஆகவே உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அவரிடம் போகும்போது எதையும் மறைத்துக்கொண்டு போகாதீர்கள். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வெட்கம் உங்களைக் கொல்லாது. என்னைக் கொல்லவில்லை.

என்னை மன்னித்துவிட்டதாகச் சரோஜம் இதுவரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாலை ஜெபத்தில் அவள் கேட்டுவந்த மன்னிப்பை இப்போது நான் என் பாவத்தைச் சொல்லிக் கேட்கிறேன். ஆமென் சொல்வது அவள். சில நாள் சொல்லக் கொஞ்சம் நேரமாகிறது. அதுவரை நான் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் காத்திருக்கிறேன்.