ஐம்பத்திரண்டு டிகிரி

ரெங்கம் பக்கத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியலும் கணிதமும் சொல்லிக் கொடுக்கிறேன். மொத்தமே அறுபது சொச்சம் பிள்ளைகள்தான். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை துண்டு துண்டாகத்தான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அந்த ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு ஒரு பெரிய தொடுதிரை வாங்கித் தந்தது. கூடவே மூன்று வெப்ப உணரிகள். பார்க்க நீளமான ஆணி மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் விட்டால் மடிக்கணினி வழியாகத் திரையில் ஒரு கோடு ஓடும். சூடு குறையக் குறைய அந்தக் கோடு இறங்கும். நாற்பத்தாறு வயதில் இதையெல்லாம் கற்றுக்கொள்வது எனக்கு லேசாக இல்லை. பள்ளி விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கம்பிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் முறை கோடு சரியாக ஓடியபோது, வீட்டில் யாரும் இல்லை, நானே கைதட்டிக்கொண்டேன்.

மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சேதி வந்ததும் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க கிளாஸதான் காட்டப்போறோம். நல்லா வந்துச்சுன்னா நமக்கு இன்னும் சாமான் கிடைக்கும். பிள்ளைங்கள டவுன் பள்ளிக்கு மாத்துறவங்களும் கொஞ்சம் யோசிப்பாங்க."

அவர் பயம் எனக்கும் இருந்தது. ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பாடம் எளிமையானது. எவர்சில்வர் குவளை, பிளாஸ்டிக் குவளை, காலுறை மாட்டிய கண்ணாடிக் குவளை. மூன்றிலும் சுடுநீர். எதில் சூடு சீக்கிரம் குறைகிறது? முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். மூன்று கோடுகளும் அழகாக இறங்கின. கணினி அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டது. உணரியோடு சேர்த்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பழைய கண்ணாடி வெப்பமானியும் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் தங்கள் கையாலும் அளந்து பழகட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். கெத்தலில் கொதிக்க வைத்த தண்ணீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது. அவசரத்தில் அதையே குவளைகளில் ஊற்றினேன். உணரிகளை விட்டேன். திரையில் மூன்று கோடுகளும் பூஜ்ஜியத்திலேயே படுத்துக் கிடந்தன. கம்பியைப் பிடுங்கிச் சொருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. நடைபாதையில் தலைமையாசிரியர் சிரித்துப் பேசிக்கொண்டே அவர்களை அழைத்து வரும் சத்தம் கேட்டது.

உணரி வேலை செய்யவில்லை, வெப்பமானியை வைத்தே செய்வோம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். நான் நேற்றைய பதிவைத் திறந்து ஓடவிட்டேன்.

கோடுகள் இறங்க ஆரம்பித்தன. அதிகாரிகள் பின்னால் நின்று தலையாட்டினார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். நான் மலாயிலும் தமிழிலும் மாறி மாறி விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது எவர்சில்வர் குவளைக் குழுவிலிருந்து ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள். அதிகம் பேசாதவள். கேட்டால் சரியாகக் கேட்பாள்.

"டீச்சர், என் வெப்பமானியில ஐம்பத்திரண்டுதான் இருக்கு. ஸ்கிரீன்ல எழுபத்துநாலு காட்டுது."

என் காது சூடாகிவிட்டது. "கண்ணு மட்டத்துல வெச்சுப் பாரும்மா. மேலருந்து பாத்தா தப்பா தெரியும்" என்றேன்.

அவள் குனிந்தாள். முகவாய் மேசையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நான்தான் அவளுக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள்.

"இப்போ ஐம்பத்தொன்னு டீச்சர்."

"அது பழைய வெப்பமானி. கெட்டுப்போச்சு. கீழ வெச்சுட்டு ஸ்கிரீன பாத்து எழுது."

அதிகாரிகளில் மூத்தவர் என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்து, "இதற்காகத்தான் நமக்குத் தொழில்நுட்பம் வேண்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை என்னையே ஒரு கணம் பார்த்துவிட்டு, அழிப்பானை எடுத்துத் தன் தாளில் ஐம்பத்திரண்டை அழித்தாள். ஊதித் தட்டினாள். எழுபத்துநான்கு என்று எழுதினாள்.

அவர்கள் போனதும் நான் அந்த வெப்பமானியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். சொன்ன பொய்க்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான். சொல்லக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சிம்பாங் ரெங்கத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பட்டறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். அதே கோடுகளைக் காட்டி, பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள் என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். தேநீர் நேரத்தில் இளம் ஆசிரியைகள் சுற்றி நின்று கேள்வி கேட்டபோது, மனசு நிறைந்து இருந்தது என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்துக் கணித வகுப்பில் நீளம் அளக்கும் பாடம். ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை இலையைத் தொடவே இல்லை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பென்சிலோடு என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ வரணும், டீச்சர்?"

அதில் குத்தலே இல்லை. என்ன விடை எழுதினால் எனக்குப் பிடிக்கும் என்று மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்தவளும் பென்சிலை எடுத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இருமல் வந்ததுபோல் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். அன்றைக்கு உணரி வேலை செய்யவில்லை, திரையில் ஓடியது முந்தின நாள் பதிவு, ஐம்பத்திரண்டுதான் சரி, நான் பொய் சொன்னேன் என்று. மூன்று நாலு வாக்கியம்தான். பதினாலு பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் மெதுவாக, "அலமாக்" என்றாள், ஐயையோ என்பதுபோல.

அந்தப் பிள்ளை கையைத் தூக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். அந்த வெப்பமானிய குப்பைக்கூடையிலருந்து எடுத்து நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஐஸ் தண்ணில வெச்சுப் பாத்தேன். பூஜ்ஜியம் காட்டுச்சு. கெட்டுப்போகல."

"அப்போ ஏம்மா நீ என்கிட்ட வந்து சொல்லல?"

அவள் யோசித்தாள். "நீங்க கூச்சப்படுவீங்கன்னு நினைச்சேன்."

பதினொரு வயது அவளுக்கு. என்னைக் காப்பாற்றுகிற பொறுப்பை நான் அவள் தலையில் ஏற்றியிருந்தேன்.

அன்று மதியமே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. இப்போ போய்ச் சொன்னா பள்ளி பேருதான் கெடும். பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல, அதோட விடுங்க" என்றார். நானும் விட்டேன். எதிர்த்துப் பேச வார்த்தை இருந்தது. பேசவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளையின் குடும்பம் பாசிர் கூடாங்குக்கு மாறக் கிளம்பியது. அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி மாற்றக் கடிதம் வாங்க அவள் அம்மா மட்டும் வந்திருந்தார்.

"உங்க கிளாஸ்னா அவளுக்கு உயிரு டீச்சர். புதுப் பள்ளில எப்படி இருக்குமோன்னுதான் பயப்படுறா" என்றார்.

கும்பிட்டு அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. நின்ற இடத்திலேயே நடந்ததைச் சொல்லி, "நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன்.

அந்த அம்மா புரியாமல் பார்த்தார். "எங்ககிட்ட அவ ஒன்னுமே சொல்லலியே டீச்சர். அன்னிக்கு வந்து, டீச்சர் நல்லா செஞ்சாங்க, எல்லாரும் கைதட்டுனாங்கன்னுதான் சொன்னா."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவகிட்ட நீங்க கேட்டீங்களா, மன்னிப்பு?" என்றார்.

வகுப்புக்குப் பொதுவாகச் சொன்னேனே தவிர, அவளிடம் தனியாக நான் கேட்கவே இல்லை. அப்போதுதான் அது உறைத்தது.

"இல்லைம்மா" என்றேன்.

"வேன்ல சாமான் ஏத்திக்கிட்டு இருக்காங்க. இன்னும் வீட்டுலதான் இருப்பா. வாங்க" என்றார். அவர் மோட்டார்சைக்கிளை எடுக்க, நான் காரில் பின்னாலேயே போனேன்.