ஐயனார் காட்டில் ஜப்பான் மான்

என் பெரிய மாமா ஜப்பானில் இருந்தவர் என்பதில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச காலம் பெருமை இருந்தது. பிறகு அதுவே பெருந்தொல்லையாகிவிட்டது. ஆத்தாவுக்கு, அதாவது என் தாயாருக்கு, அவர் உடன்பிறந்த அண்ணன். கோபே துறைமுகத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அங்கே சண்டை மூளுவதற்கு முந்தைய வருஷம் கப்பலேறி, இலுப்பூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் ஓயாத பேச்சும்தான்.

பேச்சு முழுக்க ஒரு கூட்டாளியைப் பற்றி. அதே கடையில் துணிமூட்டை கட்டிய ஜப்பான்காரர். கோடையில் லீவு விட்டதும் மாமாவைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போய்விடுவாராம். அங்கேயும் நம்மைப் போல நெல் வயல். பொழுது சாய்ந்தால் தவளைச் சத்தம். தர்ப்பூசணியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, குளிர்ந்த பிறகு எடுத்து அறுப்பார்களாம். மாமாவுக்கு உறைப்பு இல்லாமல் சோறு இறங்காது என்று கூட்டாளியின் பெண்சாதி தோட்டத்து மிளகாயைத் தனியே பறித்து வைப்பாராம். அவர்களுக்கு ஒரு பையன். அவன் மாமாவின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மின்மினியைத் துரத்தச் சொல்வானாம். அந்தப் பையன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட அந்த மான் காட்டுக் கதைதான் ஊரில் பிரசித்தம். கூட்டாளியின் ஊரிலிருந்து ரயிலில் போனால் ஒரு கோயில், அதைச் சுற்றிப் பெரிய காடு. மான்கள் மனுஷர் நடுவே கூசாமல் திரியுமாம். கையில் தின்பண்டத்தைக் கண்டால் தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் வாங்கித் தின்னுமாம். அது சாமியின் காடு என்பதால் ஒருத்தரும் சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்களாம்.

மான் கும்பிடுவதை ஊரில் யாரும் நம்பவில்லை. ஆத்தாவோ சுள்ளியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஐயனார் கோயில் காட்டிலும் அதே கட்டுப்பாடுதான். தானாக விழுந்த விறகைக்கூட யாரும் அடுப்புக்கு எடுக்கமாட்டார்கள்.

"அப்ப அதுவும் ஐயனார் காடுதாண்ணே," என்று முடிவு கட்டினாள். மாமா யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அப்புறம்தான் எல்லாம் தலைகீழானது. ஆத்தாவின் தம்பி, என் சின்ன மாமா, பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் இருந்தார். ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. சின்ன மாமாவைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. கைதியாக இருக்கலாம் என்றார்கள் சிலர். மற்றவர்கள் எங்களைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள்.

ஒரு நாள் பெரிய மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஆத்தா, அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒங்க கூட்டாளி ஊர்க்காரய்ங்கதானே எந்தம்பியப் புடிச்சு வச்சிருக்காய்ங்க?"

மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றோடு ஜப்பான் பேச்சு நின்றது. எனக்குத்தான் திண்டாட்டம். மின்மினி துரத்திய பையனை இனிமேல் வெறுக்க வேண்டுமா, சும்மா இருக்கலாமா? அதைப் பெரிய மாமாவிடமே கேட்டேன். "போயி வெளையாடு பாப்பா," என்றார். விளையாடவும் பிடிக்கவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பத்தை ஆத்தாவே உண்டாக்கினாள். வாய் ஓயாமல் ஜப்பான்காரர்களைத் திட்டியவள், ஐயனாரிடம் போய், தம்பி உயிரோடு வந்தால் மண்மான் ஒன்று செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் மண்குதிரைதான் வேண்டிக்கொள்வார்கள். தம்பி இருப்பது அந்த ஜப்பான் ஐயனாரின் எல்லையில் அல்லவா, அவருக்குப் பிடித்தது மான் அல்லவா என்பது அவள் வாதம். ஊர் மணியகாரரிடம் சொல்லி வைத்துச் சமஸ்தானத்துத் திவானிடம் காரியம் முடித்துக்கொள்வது போல, எங்கள் ஐயனார் அந்த ஐயனாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாராம்.

சொன்னாரோ என்னவோ, சண்டை முடிந்த பிறகு சின்ன மாமா வந்து சேர்ந்தார். தோலும் எலும்புமாக இருந்தார். சாப்பிடும்போது தட்டை ஒரு கையால் மறைத்துக்கொள்வார். அங்கே என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்துவிடுவார். பெரிய மாமா அவர் எதிரில் வருவதையே தவிர்த்தார்.

அந்த வருஷப் புரவியெடுப்பு வந்தது. வேளார் செய்து சுட்ட மண்குதிரைகளை ஊரே தூக்கிக்கொண்டு போய் ஐயனார் காட்டில் நிறுத்துகிற நாள். வேளாருக்கு மான் செய்து பழக்கமில்லை. "குதிரைக்குக் கொம்பு வச்சா மானுதாங்க," என்று முன்பே தைரியம் சொல்லியிருந்தார். சொன்னபடியேதான் செய்திருந்தார். ஆனால் குதிரை வரிசையின் ஓரத்தில் அப்படிக் கொம்பு வைத்தவை இரண்டு நின்றன.

"நான் ஒண்ணுதானே சொன்னேன்?" என்றாள் ஆத்தா.

வேளார் பெரிய மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கூட்டாளி வீட்டுக்கு. அங்கிட்டெல்லாம் குண்டு போட்டுட்டாங்களாம். இருக்காங்களா இல்லையான்னு ஒண்ணுந் தெரியல."

"வேண்டுனது பலிச்சாத்தானே செலுத்துவாங்க? தெரியாமயே எப்பிடிண்ணே செலுத்துறது?"

"அதான் எனக்கும் தெரியல தாயி."

எல்லாரும் சின்ன மாமாவைப் பார்த்தார்கள். அவர் அந்த மானைப் போட்டு உடைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பயத்தில் ஆத்தாவின் பின்னால் ஒதுங்கினேன். அவர் குனிந்தார், அந்த இரண்டாவது மானைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அது ஒங்க மானு இல்ல மாமா," என்றேன்.

"தெரியும் பாப்பா. அண்ணனுக்குக் கை நடுங்குது. கீழ போட்டுருவாரு."

மேளம் கிளம்பிவிட்டது. பெரிய மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மீதியிருந்த மானைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்து எடுத்தார். தம்பிக்கு நேர்ந்த மானை அண்ணனும், அண்ணன் நேர்ந்த மானைத் தம்பியும் சுமந்துகொண்டு முன்னே போனார்கள். மாற்றி எடுத்துவிட்டார்களே, எது யாருடையது என்று ஐயனார் குழம்பிவிடுவாரே என்று எனக்கு ஒரே கவலை. காடு வரும்வரை ஆத்தாவின் சேலையை இழுத்து இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே நடந்தாளே தவிர, அவர்களைக் கூப்பிட்டுத் திருத்தவே இல்லை.